கல்லறை மேல் இலைச் சோறு

அத்தியாயம் 9

ரஃபேல் போய்ச் சேர்ந்து எட்டு மாதம் முடிந்துவிட்டது. பாக்கார் ஆராங்கில் அந்த வரிசை வீட்டில் மிச்சம் மூன்று பேர். ஒரே மேசையில் சாப்பிடுகிறார்கள், ஒரே காடியில் கோயிலுக்குப் போகிறார்கள். ரஃபேலின் பேரை மட்டும் யாரும் எடுப்பதில்லை.

பேரைத்தான் எடுப்பதில்லை. அவனைப் பற்றிய கேள்வியைப் பதினாறு வயது ஃபெலிசியா ஒரு நாளும் கீழே வைத்ததில்லை. ஜித்ராவில் பாலிடெக்னிக் படித்துக்கொண்டிருந்த அண்ணன், புதன்கிழமை மத்தியானம் வகுப்பில் இருந்திருக்க வேண்டியவன், ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, குருணில் எஸ்டேட்டுக்குத் திரும்பும் முனையில் லாரியில் அடிபட்டுக் கிடந்தான். அங்கே அவனுக்கு என்ன வேலை?

போலீஸ் விபத்து என்று எழுதிக்கொண்டது. அம்மா ரோசம்மா ஆண்டவர் சித்தம் என்றாள். அப்பா ஜூலியஸ் ஒன்றும் சொல்லவில்லை. அவர் நல்ல நாளிலேயே வாயைத் திறக்கக் கூலி கேட்கிற ஆள்.

போன வாரம்தான் ஃபெலிசியாவுக்கு ஒரு துரும்பு கிடைத்தது. திரை நொறுங்கி அலமாரியில் கிடந்த அண்ணனின் கைப்பேசியைக் கடையில் கொடுத்து உயிர் வர வைத்தாள். மெசேஜ் எதுவும் மீளவில்லை, அழைப்புப் பட்டியல் மட்டும் இருந்தது. கடைசியாக அவன் பேசியது லோகேஸ்வரனோடு. மணி இரண்டு பத்து. அடிபட்டது இரண்டு நாற்பதுக்கு. அப்படியென்றால் வழியில் மோட்டார் சைக்கிளை நிறுத்திப் பேசியிருக்கிறான்.

லோகேஸ்வரன் அண்ணனின் அறைத் தோழன். மூன்று லோரோங் தள்ளி, மூன்றாவது சந்தில்தான் வீடு. அடக்கத்துக்கு வந்து தேம்பித் தேம்பி அழுதவன், அதற்கப்புறம் இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. குற்றமில்லாதவன் எதற்கு ஒளிய வேண்டும் என்று கேட்டுக் கேட்டு, பதிலையும் ஃபெலிசியாவே எழுதி வைத்திருந்தாள்.

இன்று நவம்பர் இரண்டு, கல்லறைத் திருநாள். ரஃபேலுக்கு இது முதல் தடவை.

*

சாயந்திரம் ஃபாதர் வந்து கல்லறைகளை மந்திரிப்பார். அதற்குள் புல்லைப் பிடுங்கிச் சுத்தம் செய்துவிட வேண்டும். ஞாயிறு காலைப் பூசை முடிந்த கையோடு அம்மாவும் மகளும் வாளி, துடைப்பம், சாய டின்னோடு கல்லறைக்கு வந்துவிட்டார்கள். விடிவதற்கு முன்பே எழுந்து டயருக்குக் காற்றடித்துவிட்டு வந்த ஜூலியஸ், காடியை நிழலில் போடுகிறேன் என்று பின்தங்கிவிட்டார்.

ரோசம்மாதான் முதலில் நின்றாள். "யாரு இங்க வந்தது?"

ரஃபேலின் கல்லறையில் ஒரு புல் இல்லை. மணல் கையால் நிரவி விடப்பட்டிருந்தது. நடுவில் ஒரு வாழை இலை. இலையில் மூன்று உருண்டை சோறு, அதன்மேல் கறுப்பு எள். பக்கத்தில் பொரித்த நெத்திலி, ஓர் அவித்த முட்டை, பிளாஸ்டிக் கோப்பையில் தண்ணீர். சுற்றிலும் நீர் தெளித்த ஈரம் இன்னும் காயவில்லை.

"கிட்டப் போகாத" என்று மகளின் கையைப் பிடித்து இழுத்தாள் ரோசம்மா. "எள்ளு வச்சிருக்கான் பாரு. எவனோ செஞ்சு வச்சிட்டுப் போயிருக்கான்."

"என்னம்மா செஞ்சு?"

"ஒனக்கு ஒன்னும் தெரியாது, சும்மா இரு. ஒருத்தன வாரிக் குடுத்தது பத்தாதுன்னு இன்னும் எங்கள விடமாட்டேங்கறாங்க."

அம்மா ஜெபமாலையைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் ஃபெலிசியா கைப்பேசியை எடுத்து அந்த இலையைப் படம் பிடித்தாள். ஜூலியஸ் அப்போதுதான் வந்து சேர்ந்தார்.

"ரெண்டு குச்சி எடுத்துட்டு வாங்க" என்றாள் ரோசம்மா. "கையால தொடக்கூடாது."

"விடு ரோசா. யாரோ சாப்பாடு வச்சிருக்காங்க. இருந்துட்டுப் போவட்டும்."

"சாப்பாடா? கல்லறையில எள்ளோட வைக்கறது சாப்பாடா? ஒங்களுக்கு எதுக்குமே பயம் கெடையாது."

அவளே குச்சி தேடி, இலையைப் புரட்டி, சோறும் முட்டையும் மண்ணில் சிதறச் சிதறப் பிளாஸ்டிக் பைக்குள் தள்ளி முடிச்சுப் போட்டாள். வாசலோரக் குப்பைத் தொட்டியில் அதைப் போட்டுவிட்டு, கோயிலிலிருந்து கொண்டுவந்த தீர்த்தத்தில் பாதியைக் கல்லறைமேல் தெளித்தாள். ஜூலியஸ் ரோட்டில் போகிற வண்டிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அதற்கப்புறம் வேலை என்று பெரிதாக எதுவும் இல்லை. சிலுவையில் அண்ணனின் பேருக்குக் கறுப்புச் சாயம் பூசுவது மட்டும் பாக்கி. ஃபெலிசியா முட்டிபோட்டு உட்கார்ந்து ஒவ்வோர் எழுத்தாகத் தீட்டினாள். பேர் முழுசாக ஆனதும் அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அம்மா பார்த்தால் அவளும் தொடங்கிவிடுவாள் என்று அடக்கிக்கொண்டாள். அழுகையை அடக்கினால் கோபம் வருவது அவளுக்கு இந்த எட்டு மாதத்தில் பழகிப்போன ஒன்று.

இலையில் சோறு வைப்பது இந்துக்கள் வழக்கம். அண்ணனுக்காக இங்கே வரைக்கும் வரக்கூடிய இந்து ஒருவன்தான் இருக்கிறான். வெளிச்சத்தில் வர முகமில்லாமல் இருட்டோடு வந்து போயிருக்கிறான்.

*

லோகேஸ்வரன் வீட்டில் தீபாவளிக்கு மாட்டிய விளக்குச் சரம் இன்னும் இறங்கவில்லை. வெளியே மோட்டாரைக் கழுவிக்கொண்டிருந்தான். ஒரு வார லீவுக்கு வந்திருக்கிறான் என்று விசாரித்துக்கொண்டுதான் அவள் வந்திருந்தாள்.

"லோகேஸ்."

அவன் நிமிர்ந்தான். அண்ணே என்று கூப்பிட்டுப் பழகிய வாய், இன்று அந்த அண்ணேயை முழுங்கிவிட்டதை அவனும் கவனித்தான்.

அவள் கைப்பேசியை நீட்டினாள். "இத நீதானே வச்ச?"

"என்ன இது?"

"தெரியாத மாதிரி கேக்காதலா. எங்கண்ணன் கல்லறை. காலையில."

"நான் இல்ல."

"அன்னைக்கி ரெண்டு பத்துக்கு ஒன்கிட்டதான் பேசியிருக்கான். போன்ல இருக்கு. நீ அத யார்கிட்டயும் சொல்லல. என்ன பேசினான்?"

"சும்மாதான் பேசினான்."

"சும்மா பேசறதுக்கு வெயில்ல மோட்டர நிறுத்திட்டு நின்னானா? அங்க வரச் சொன்னதே நீதானா? இல்லன்னா எதுக்கு எங்க வீட்டுப் பக்கமே வரமாட்டேங்கற?"

ஓடிக்கொண்டிருந்த குழாயை அவன் நிறுத்தவில்லை. தண்ணீர் அவன் செருப்பை நனைத்துக்கொண்டு சாக்கடைக்குப் போனது.

"ஒனக்கு மட்டுந்தான் அவன் செத்தானா?" என்றான். குரல் உயரவில்லை. "ரூம்ல அவன் கட்டில் இன்னும் காலியாதான் கெடக்கு. வேற ஆளப் போடறேன்னாரு வார்டன். நான்தான் கால்ல விழாத கொறையா வேணாம்னு சொன்னேன். ஒங்கம்மா மூஞ்சப் பாத்தா என்னால பேசாம இருக்க முடியாது, அதான் வரல."

"பேச வேண்டியதுதானே. என்னத்த மறைக்கற?"

அவன் பதில் சொல்வதற்குள் அவன் அம்மா காஞ்சனா வந்துவிட்டாள். "யாரு, ஃபெலிசியாவா? எவ்வளவு நாளாச்சு பாத்து. வெயில்ல நிக்கறியே, உள்ள வாம்மா." பிள்ளைகள் இருவரின் முகத்தையும் பார்த்தாள். "என்ன சண்டை?"

ஃபெலிசியா படத்தைக் காட்டினாள். காஞ்சனா கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். பெரிதாக்கித் தரச் சொல்லி மறுபடி பார்த்தாள்.

"இத இவனா வச்சான்? இவன இலை போடச் சொன்னா பிளேட்ட எடுத்துட்டு வருவான்." விரலால் திரையைத் தொட்டுக் காட்டினாள். "சிலுவை தலைமாடு. அந்தப் பக்கம் உக்காந்து அவன் சாப்பிடறான்னு வச்சிக்க. நமக்கு இலை போட்டா நுனி எடது கைப் பக்கம் வரும். செத்தவங்களுக்கு வலது பக்கமா மாத்திப் போடுவாங்க. இதுல மாத்திதான் இருக்கு. மூணு உருண்டை, எள்ளு, தண்ணி, எல்லாம் மொறையா இருக்கு. இது தெரிஞ்ச கை."

"செய்வினைன்னு அம்மா சொல்றாங்க, ஆன்ட்டி."

"செய்வினைக்கு எவனாச்சும் நெத்திலி பொரிச்சுக் கொண்டாந்து வைப்பானா? ஆசையா சாப்பிடட்டும்னு வச்சதும்மா இது." காஞ்சனாவின் குரல் இறங்கியது. "எங்க எஸ்டேட்டுல உருண்டைய வெளியாளு வைக்கமாட்டாங்க. ரத்த சொந்தத்துல ஒரு ஆம்பளதான் வைக்கணும்."

"எங்க சொந்தத்துல இந்து யாருமே இல்லையே."

காஞ்சனா கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தாள். சொல்லலாமா என்று தயங்கியது தெரிந்தது. "கோயில்ல தண்ணி ஊத்திக்கறதுக்கு முன்ன ஒங்கப்பா பழனியாண்டிதானேம்மா. குருண் எஸ்டேட்டுல எங்க வீட்டுக்கு நாலு வீடு தள்ளி."

கல்யாணத்துக்காக அப்பா ஞானஸ்நானம் பெற்றார் என்பது ஃபெலிசியாவுக்குத் தெரியும். அப்பாவுக்கு ஓர் ஊர் இருந்தது என்றோ, அந்த ஊர் குருண் என்றோ யாரும் அவளுக்குச் சொன்னதில்லை. அவளும் கேட்டதில்லை.

"குருணா?"

லோகேஸ்வரன் குழாயை மூடினான். "என்கிட்ட ஒன்னும் கேக்காத. யாருக்கும் சொல்லமாட்டேன்னு அவனுக்கு வாக்கு குடுத்துட்டேன். அதான் அவன் என்கிட்ட கடைசியா கேட்டது." ஈரக்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டான். "அங்கிள்கிட்ட போய் கேளு."

வெயிலில் நடந்து வீடு திரும்பும்போது அவளுக்கு வெட்கப்பட நேரமில்லை. இவ்வளவு நாளும் மூன்று லோரோங் தள்ளி நின்ற சந்தேகம் இப்போது அவள் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டது. அது ஆளைத்தான் மாற்றிக்கொண்டது, குறையவில்லை.

*

ரோசம்மா பாடற்குழுவினரோடு வேனில் முன்னாடியே கிளம்பிப் போய்விட்டாள். நாலரை மணிக்கு அப்பாவும் மகளும் காடியில் போனார்கள். மடியில் மெழுகுவர்த்திப் பெட்டியை வைத்துக்கொண்டு ஃபெலிசியா அவரையே பார்த்தாள். இந்த மனிதர் அவளுக்குப் பதினாறு வருடப் பழக்கம். இன்று புது ஆளாகத் தெரிந்தார்.

"காலையில டயருக்குக் காத்து அடிக்கப் போகலதானே?"

அவர் ரோட்டைப் பார்த்தே ஓட்டினார்.

"எள்ளுச் சோறு வச்சது நீங்கதானேப்பா."

கல்லறைக்குத் திரும்பும் இடம் வந்தது. அவர் திருப்பவில்லை. நேராகக் கொஞ்ச தூரம் போய், மூடிக் கிடந்த ஒரு கடைக்கு முன்னால் ஓரம் கட்டினார்.

"ஒங்கம்மா செபம் சொல்றா, மெழுகுவத்தி கொளுத்துறா. அவளுக்கு அது வருது" என்றார். "எனக்கு நாக்குல வரமாட்டேங்குது புள்ள. எங்கம்மா செத்தப்ப நான்தான் உருண்ட புடிச்சு வச்சேன். எனக்குத் தெரிஞ்சது அதுதான். எம்புள்ளைக்கு ஒரு வாட்டி என் கையால சோறு வைக்கணும்னு இருந்துச்சு."

"அம்மா அதக் குப்பையில போட்டாங்க. பாத்துட்டுதானே நின்னீங்க."

"ம்."

அந்த ஒற்றை ம்-முக்கு அவள் மனது இளகியது உண்மை. ஆனால் கேட்க வேண்டியதை விட அவள் தயாராக இல்லை.

"அண்ணன் எதுக்குக் குருண் போனான்?"

அவர் இன்ஜினை அணைத்தார். காடிக்குள் வெக்கை ஏறியது. பிறகு சொன்னார்.

அவருக்கு ஓர் அண்ணன் உண்டு, முருகையா. ஜூலியஸை அப்பன் இடத்திலிருந்து வளர்த்தவர். தம்பி மதம் மாறிக் கல்யாணம் செய்தபோது, அந்த முருகையா வாசலில் நின்று ரோசம்மாவைச் சொல்லக்கூடாத ஒரு வார்த்தை சொன்னார். அதற்கப்புறம் ரோசம்மா புருஷனிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். இனி அந்த வாசலை மிதிக்க மாட்டேன் என்று வேதப் புத்தகத்தில் கை வைத்துச் சத்தியம் செய்யச் சொன்னாள். செய்தார். இருபத்தொரு வருடம் அந்தச் சத்தியத்தை மீறவில்லை.

"அவருக்கு இப்ப கிட்னி போயிடுச்சு. வாரத்துல மூணு நாளு மெஷின்ல கெடக்கறாரு. போன்ல அழுதாரு. நீ வரவேணாம்டா, ஒம்புள்ளைங்கள்ல ஒன்னு வந்து மூஞ்சக் காட்டட்டும்னாரு."

"நீங்க போயிருக்கலாம்லப்பா. அம்மாகிட்ட சொல்லிட்டுப் போயிருக்கலாம்ல."

"சத்தியம் பண்ணியிருக்கேனே."

"அப்பறம்?"

"ரஃபேல் பண்ணலயே" என்றார் ஜூலியஸ்.

அவளுக்குப் புரிய ஒரு நிமிடம் பிடித்தது.

"சத்தியமும் நிக்கும், அண்ணன் மனசும் ஆறும்னு நெனச்சேன். லீவு நாள்ல போனா அம்மாவுக்குத் தெரிஞ்சிடும், புதன்கெழம வகுப்ப விட்டுட்டுப் போடான்னு நான்தான் சொன்னேன். பாதி வழியில நின்னு லோகேஸுக்குப் பேசியிருக்கான், வார்டன் கேட்டா சமாளிச்சிக்கன்னு. அதச் சொல்லி எனக்கும் ஒரு மெசேஜ் போட்டான். பெரியப்பாவுக்கு என்னப்பா வாங்கிட்டுப் போறதுன்னு கேட்டான். நான் வேலையில இருந்தேன். பாக்கல."

"பெரியப்பா?"

"வாசல்ல நாக்காலியப் போட்டு உக்காந்திருந்தாராம். இருட்டற வரைக்கும்."

ஃபெலிசியாவுக்கு அவரை அடிக்க வேண்டும் போல இருந்தது. கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல், "எட்டு மாசமா நான் லோகேஸத் திட்டிட்டு இருக்கேன்ப்பா. மனசுக்குள்ள அவனக் கொலகாரனாவே ஆக்கிட்டேன்" என்றாள். "நீங்க பாத்துட்டுதானே இருந்தீங்க."

"ஒங்கம்மாவுக்குத் தெரிஞ்சா என்னோட இருக்கமாட்டா." அவர் முகத்தைத் துடைத்துக்கொள்ளவில்லை. வழிந்ததை வழியவிட்டார். "அதுக்காகத்தான் சொல்லலன்னு சொல்லமாட்டேன். சொல்லணும்னுதான் தெனமும் வாயத் தொறக்கறேன். நீ சொல்றதுன்னா சொல்லிடு. நான் தடுக்கல."

*

கல்லறையில் கூட்டம் நெரிந்தது. எல்லா மேட்டிலும் மெழுகுவர்த்தி, சாமந்தி. ஃபாதர் தீர்த்தச் செம்போடு முன்வரிசையில் தொடங்கியிருந்தார். ரோசம்மா ரஃபேலின் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். அழுது ஓய்ந்த முகம்.

"இவ்வளவு நேரமா?"

"ரோட்டுல ஜாம்" என்றார் ஜூலியஸ்.

அவர் குனிந்து மணலில் மெழுகுவர்த்திகளை நட ஆரம்பித்தார். ரோசம்மா மகளைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள்.

"மத்தியானம் லோகேஸ் வீட்டுக்குப் போனியாமே. பாட வந்த பிரேமாவதி பாத்திருக்கா. அந்த இலையப் பத்திக் கேக்கத்தானே போன?" குரலைத் தாழ்த்தினாள். "எனக்குக் காலையிலேருந்து மனசே சரியில்ல. யாரு வச்சதுன்னு தெரிஞ்சுதா?"

ஜூலியஸின் கை மணலிலேயே நின்றது. அவர் நிமிரவில்லை.

உண்மை ஃபெலிசியாவின் கையில் இருந்தது. எட்டு மாதமாக அவள் தேடியது அதுதான். இப்போது அதைச் சொன்னால் இந்த இடத்திலேயே, அண்ணன் தலைமாட்டிலேயே வீடு இரண்டாகும். ஒருத்தனைப் புதைத்த இடத்தில் இன்னும் எத்தனை பேரை இழப்பது?

"லோகேஸ்தாம்மா" என்றாள்.

சொன்ன பிறகுதான், தான் செய்தது உறைத்தது. ஏற்கனவே ஒரு வாக்கைச் சுமந்துகொண்டிருப்பவன் தலையில், அவனைக் கேட்காமலேயே இன்னொன்றைத் தூக்கி வைத்துவிட்டாள்.

கோபப்படுவாள் என்று நினைத்திருந்தாள் ஃபெலிசியா. அம்மா குனிந்து, காலையில் இலை இருந்த இடத்தைத் தொட்டாள்.

"செய்வினைன்னு நெனச்சிக் குப்பையில போட்டுட்டேனே. அவன் தனக்குத் தெரிஞ்ச மொறையில ஆசையா வச்சிருக்கான். நெத்திலி புடிக்கும்னு ஞாபகம் வச்சிப் பொரிச்சிருக்கான்." முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "வெளியாளு புள்ள. அவனுக்கு இருக்கு பாசம். ஒங்கப்பாவப் பாரு. அடக்கம் பண்ண அன்னைக்கோட சரி. எம்புள்ளைக்குன்னு ஒரு பிடி மண்ணத் தள்ளி விட்டிருப்பாரா இந்த மனுஷன்?"

ஜூலியஸுக்கு அது கேட்டது. அவர் காதுக்கு இரண்டடி தூரம்தான். அடுத்த மெழுகுவர்த்தியை எடுத்து, முதலில் நட்டதற்குப் பக்கத்தில் நேராக நட்டார்.

"அப்பா" என்றாள் ஃபெலிசியா. அவர் பக்கத்தில் குனிந்து அடுத்த மெழுகுவர்த்தியை எடுத்துக் கொடுத்தாள்.

ஃபாதர் இரண்டு வரிசை தள்ளி வந்துவிட்டார். ரோசம்மா எழுந்து சேலையைச் சரி செய்துகொண்டாள். முகத்தில் ஒரு தெளிவு வந்திருந்தது. எட்டு மாதத்தில் மகள் அதைப் பார்த்ததே இல்லை.

"நாளைக்கு ராத்திரி சாப்பிட லோகேஸையும் அவங்கம்மாவையும் வரச் சொல்லு. நானே சமைக்கறேன். இவ்வளவு பாசம் உள்ள புள்ள என்கிட்ட பொய் சொல்லமாட்டான்" என்றாள். "ரஃபேல் எதுக்குக் குருண் போனான்னு ஒங்கப்பா முன்னாலயே அவனக் கேக்கப் போறேன்."